ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்து "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் உஷார்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) நெருங்கும் நேரத்தில் ஃபிரிட்ஜில் கூலிங் நின்றுவிட்டது. தம்பி இணையத்தில் தேடி, கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று போட்டிருந்த நம்பருக்குப் பேசினான். வந்தவர் பின்பக்கம் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். "ஆச்சி, கேஸ் தீர்ந்துபோச்சு. அடிச்சுட்டா சரியாயிடும்" என்று அம்மாவிடம் சொன்னார். அரை மணி நேர வேலை, 2,800 ரூபாய். பில் கேட்டால் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

படைப்பு முடிந்த கையோடு மறுபடியும் அதே கதை. பால் திரிந்து, ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் தண்ணீராகிவிட்டது. போன் செய்தால், "அது வேற கம்ப்ளைன்ட் சார், கம்ப்ரஸர் வீக், 6,500 ஆகும்" என்கிறார். விசாரித்ததில் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் இதுதான். ஃபிரிட்ஜ் கேஸ், அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக். லீக்கைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, வாக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி எடுத்து), அப்புறம்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இப்போதைய மாடல்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ கேஸ் பெரும்பாலும் 100 கிராம்கூட வராது. தராசில் நிறுத்து ஏற்ற வேண்டிய சரக்கு. அதுவும் தீப்பிடிக்கக்கூடியது. நம்ம ஆள் கொண்டுவந்ததோ ஒரு சின்ன சிலிண்டரும் மீட்டரும்தான். தராசும் இல்லை, வாக்யூம் பம்பும் இல்லை.

பிறகு தேவகோட்டையிலிருந்து வந்த பழைய மெக்கானிக் ஒருவர், பின்பக்க ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்ததைக் காட்டினார். சோப்பு நுரையை அதன்மேல் தடவியதும் பொட்டுப் பொட்டாகக் குமிழி கிளம்பியது. கம்ப்ரஸரில் ஒரு கோளாறும் இல்லை.

"ரிப்பேர்தானே, அதுக்கெல்லாம் கேரண்டி உண்டா" என்று முதலில் வந்து கேஸ் அடித்துவிட்டுப் போன கடைக்காரர் கேட்டார். காசு வாங்கிச் செய்யும் ரிப்பேரும் சேவைதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படி அரைகுறையாகச் செய்வது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதியலாம். வழக்குக்குப் போகும் முன் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதில் தீராவிட்டால் சிவகங்கையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ராயவரம், கடியாபட்டிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்: ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாமே சாட்சிதான். ஆனால் கடையின் முகவரி தெரிந்தால்தான் நோட்டீஸ் போகும். ஆள் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பெனி நம்பரை வாரண்டி அட்டையிலிருந்தே எடுங்கள், தேடலில் முதலில் வரும் நம்பர் வேண்டாம்.

நான் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். அது கைக்குப் போனதும் போன் வந்தது. 1,500 தருகிறாராம், இதோடு முடித்துக்கொள்ளலாமாம். 2,800ம் முழுசாக வந்தால் பேசலாம், இல்லையென்றால் சிவகங்கையில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.