கேட் நம்பர் லைட்டுக்கு எந்த எல்.இ.டி.? கடலோர வீட்டு அனுபவம்

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. கேட் தூணில் பால்வெள்ளை அக்ரிலிக் மூடி போட்ட தகர டப்பா. மேல் வரியில் புதிய எண், கீழ் வரியில் பழைய எண். உள்ளே வருஷக்கணக்காக எரிந்தது ஒரு ஜீரோ வாட் குண்டு பல்பு. அது போன பிறகு எல்.இ.டி.க்கு மாற நினைத்தபோது மூன்று வழி இருந்தது: எல்.இ.டி. ஸ்ட்ரிப் (நாடா மாதிரி வெட்டி ஒட்டும் விளக்கு), சோலார் நம்பர் பிளேட், பழைய டப்பாவிலேயே சின்ன எல்.இ.டி. நைட் பல்பு. சுற்றி வந்து நான் நின்றது நைட் பல்பில்தான்.

கரண்ட் மிச்சத்தைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். பெயர்தான் ஜீரோ வாட், அந்தக் குண்டு பல்பு 15 வாட் வரை இழுக்கும். ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 11 யூனிட். அரை வாட் எல்.இ.டி. இரண்டு போட்டாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டாது. ஸ்ட்ரிப்பிலும் சோலாரிலும்கூட மிச்சம்தான்.

எங்கள் பக்கம் பார்க்க வேண்டியது உப்புக் காற்றை. கேட் கொண்டியையே தின்றுவிடும் காற்று இது. வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் முதலிலேயே சொன்னார்: "கடலோரத்துல எல்.இ.டி. போறதில்ல சார், காண்டாக்ட்தான் போவுது." ஒயர் சேரும் இடத்தைத்தான் காண்டாக்ட் என்றார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

முதலில் போட்டது ஸ்ட்ரிப். அழகு என்று பார்த்தால் அதுதான். வெளிச்சம் இரண்டு வரிக்கும் ஒரே சீராக விழும். அடாப்டரை வீட்டுக்குள் வைத்துவிட்டால் கேட்டுக்கு 12 வோல்ட் மட்டுமே போகும், ஷாக் பயமில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முடிந்ததும் பாதி இருண்டுவிட்டது. திறந்து பார்த்தால், ஸ்ட்ரிப்பை வெட்டி ஒயரைப் பற்றவைத்த முனையில் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. மேலே சிலிக்கான் உறை இருந்தாலும் வெட்டிய முனை திறந்தபடி இருந்திருக்கிறது. மறுபடி பற்றவைத்தோம், சில மாதத்தில் மறுபடி போனது. இவ்வளவு சின்ன வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வாரக்கணக்கில் நம்பர் இருட்டில் கிடந்தது. அப்படி ஒரு ராத்திரியில்தான் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். வந்த ஆம்புலன்ஸ் வீட்டைத் தாண்டித் தெருமுனை வரை போய்த் திரும்பியது. செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தபடி நடுரோட்டில் நின்றேன். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் பழுதானால் அன்றைக்கே என் கையால் சரிசெய்யக்கூடிய விளக்குதான் வேண்டும் என்று அன்று முடிவெடுத்தேன்.

சோலாரை நான் போடவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மச்சான் வீட்டில் ஒரு மழைக்காலம் பார்த்ததுதான். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 அன்று ராத்திரி தெருவே இருட்டாக இருந்தபோது அவர் வீட்டு நம்பர் மட்டும் கொஞ்ச நேரம் எரிந்தது. அது பெரிய விஷயம். அடுத்தடுத்து மேகமூட்டமான நாட்களில் எட்டு மணிக்கே மங்கிவிட்டது. வேப்பமர நிழல் வேறு. நல்ல வெயில் விழும் தூணாக இருந்தால் கதை மாறலாம்.

இனி நைட் பல்பு. இதிலும் முதலில் ஒரு தப்பு செய்தேன். 9 வாட் பல்பை மாட்டினேன். குண்டு பல்பு எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும், இந்த எல்.இ.டி. பல்பின் கீழ்ப்பாதி வெறும் பிளாஸ்டிக் உடல், வெளிச்சம் பெரும்பாலும் தலைப்பக்கம்தான். ஹோல்டர் டப்பாவின் அடியில் இருந்ததால் புதிய எண் கண்ணைக் கூசியது, பழைய எண் தெரியவே இல்லை. மூடிய டப்பாவின் சூட்டில் அந்த பல்புக்கு ஆயுளும் குறையும். அதை எடுத்துவிட்டு, லாரன்ஸ் ரோட்டில் வாங்கிய அரை வாட் வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை) பல்பு இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாக எதிரும் புதிருமாக மாட்டினேன். டப்பாவின் உட்புறத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். இரண்டு எண்ணும் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிகிறது. மஞ்சள் வெளிச்சம் என்பதால் மழை நாளில் ஈசலும் குறைவு.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. குண்டு பல்பின் சூடு இத்தனை வருஷமும் டப்பாவை உலர்த்திக்கொண்டே இருந்திருக்கிறது. எல்.இ.டி.யில் அந்தச் சூடு இல்லை. முதல் மார்கழியில் அக்ரிலிக்கின் உள்பக்கம் வேர்த்து முத்து முத்தாக நின்றது. அப்புறம் மேல் இடுக்குகளை மட்டும் சிலிக்கான் வைத்து அடைத்தேன். அடியில் 5 மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டு, பூச்சி ஏறாமல் கொசுவலைத் துண்டு ஒட்டினேன். அடியையும் அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. ஹோல்டருக்குப் பித்தளை ஸ்க்ரூ, அதன்மேல் லேசாக வாஸ்லின். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மெயினை அணைத்துவிட்டு இதையும் திறந்து துடைப்பேன். நடுவில் ஒரு பல்பு போனது. மாற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொன்று எரிந்துகொண்டிருந்ததால் அன்றைக்கும் நம்பர் தெரிந்தது.

நைட் பல்பு என்றால் கேட் வரை 230 வோல்ட் போகிறது. டப்பா எட்டும் உயரத்தில் இருந்து, இரும்பு கேட்டில் பிள்ளைகள் ஏறி விளையாடும் வீடாக இருந்தால் நான் ஸ்ட்ரிப்பையே போடச் சொல்வேன். வெட்டிய முனையைப் பற்றவைத்த கையோடு சிலிக்கான் வைத்து முழுக்க மூடிவிடுங்கள்.