அசல் நெகட்டிவைக் கேட்கும் போட்டிகளுக்கு அனுப்பாதீர்கள்

ஃபிலிம் கேமராவில் படம் எடுத்துப் போட்டிகளுக்கு அனுப்பும் நண்பர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். ‘உங்கள் படம் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது, ஃபிலிமில் எடுத்ததுதானா என்று நடுவர்கள் சரிபார்க்க வேண்டும், அசல் நெகட்டிவைக் கூரியரில் அனுப்புங்கள்’ என்று யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். என்னிடம் அப்படிச் சொல்லித்தான் வாங்கினார்கள். படம் பதிவான ஃபிலிம் துண்டான அந்த நெகட்டிவ் திரும்பி வரவில்லை. அதிலிருந்து அச்சிட்ட படம் இப்போது ஒரு வணிக நிறுவனத்தின் நாள்காட்டியில் இருக்கிறது.

அது தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் ஓர் அக்காவை எடுத்த படம். யாஷிகா மேட் 124ஜி கேமரா, இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமின் 120 சுருள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். உப்பளத்தில் ஒளியை அளப்பது லேசான வேலை இல்லை. மீட்டர் சொல்வதை அப்படியே நம்பினால் வெள்ளை உப்பு சாம்பல் குவியலாகப் பதிவாகும். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டிக் கொடுத்தால்தான் உப்பு உப்பாகத் தெரியும், குனிந்து வாருகிறவரின் முகமும் கறுத்துப்போகாமல் நிற்கும். குழாயைத் திறந்தாலே வெந்நீர் வரும் ஊரில், ஐஸ் கட்டி போட்டுத் தண்ணீரை 20 டிகிரிக்கு இறக்கி, ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் ஐடி-11 கரைசலில் எட்டரை நிமிடம் நானே கழுவிய சுருள் அது. ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே தெரிந்துவிட்டது, நான் எடுத்தவற்றில் இதுதான் மேலானது என்று.

போட்டியின் அறிவிப்பு கண்ணியமாகவே இருந்தது. ஃபிலிமுக்கென்று தனிப் பிரிவு, நுழைவுக் கட்டணம் 600 ரூபாய். நுழைவுக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை, நல்ல போட்டிகளும் வாங்குகின்றன. விதிமுறைகளில், தேர்வான படங்களைப் போட்டியின் விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று தெளிவாக எழுதியிருந்தது. சில வாரங்களில் தேர்வுக் கடிதம் வந்தது. அதோடு ‘கண்காட்சிப் பங்களிப்பு’ என்று 3,500 ரூபாயும் அசல் நெகட்டிவும் கேட்டார்கள். மூன்று படங்கள் கொண்ட துண்டை உறையிலிட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினேன்.

அதன் பிறகு தொலைபேசியில் ஒரே பதில்தான். “சார், நெகட்டிவ் நடுவர்களிடம் இருக்கிறது. கண்காட்சி முடிந்ததும் வந்துவிடும்.” கண்காட்சி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது, கடைசியில் நடக்கவே இல்லை. பிறகு அந்த எண்ணும் அடங்கிவிட்டது. இதற்கிடையே விதிமுறைகளில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: ‘அனுப்பப்படும் படைப்புகள் அமைப்பாளர்களுக்கே உரியவை, திருப்பித் தரப்படமாட்டா.’ பழைய விதிமுறையின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

படம் நாள்காட்டியில் வந்ததை எனக்குச் சொன்னவர் படத்தில் இருக்கும் அக்காதான். உப்பு வாங்க வந்த யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார். “தம்பி, என் படத்தைப் போட்டு விற்கிறார்களாமே, நீ காசு வாங்கிக்கொண்டு கொடுத்தாயா?” என்று கேட்டார். எடுக்கும்போது அவரிடம் அனுமதி கேட்டிருந்தேன், சட்டம் போட்ட ஒரு பிரிண்டும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். அவர் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது. அப்படிப்பட்டவர் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கும்படி செய்துவிட்டார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன பணம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நாள்காட்டியைத் தேடி வாங்கிப் பார்த்தேன். போட்டிக்கு நான் அனுப்பிய ஸ்கேன் நீள்சதுரமாக வெட்டியது. இடது ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளி கண்ணை உறுத்தியதால் அதை நீக்கியிருந்தேன். நாள்காட்டியில் நெகட்டிவில் உள்ள முழுச் சதுரமும் இருக்கிறது, வாளியும் இருக்கிறது. அந்த வாளியை நான் யாருக்கும் காட்டியதில்லை, அது நெகட்டிவில் மட்டும்தான் உண்டு.

டிஜிட்டல் படங்களுக்கு இறுதிச் சுற்றில் அசல் கோப்பைக் கேட்பது உலக அளவிலான போட்டிகளில் உள்ள நடைமுறைதான். பத்திரிகைப் புகைப்படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியும் கேட்கிறது. ஆனால் கோப்பை எத்தனை பேருக்கு அனுப்பினாலும் அது நம்மிடம் அப்படியே இருக்கும். நெகட்டிவ் ஒன்றே ஒன்று. ஃபிலிம்தான் என்று நிரூபிக்க அதைக் கொடுக்கவே தேவையில்லை. முழுத் துண்டையும் ஒளிப்பெட்டி மேல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். விளிம்பில் ஃபிலிமின் பெயரும் பட எண்களும் தெரியும். நெகட்டிவைத் தாள் மேல் நேரடியாக வைத்து அதே அளவில் அச்சிடும் கான்டாக்ட் பிரிண்டும் போதும். இவற்றை ஏற்காமல் அசலையே கேட்கிறவர்களின் நோக்கம் சரிபார்ப்பதாக இருக்க முடியாது. தேர்வானதாகச் சொன்ன பிறகு ஏதாவது பெயர் சொல்லிப் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். ஃபியாப் எனப்படும் சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் ஆதரவு பெற்ற போட்டி என்று சொன்னால், ஆதரவு எண் என்ன என்று கேளுங்கள், அதைக் கூட்டமைப்பிடமே சரிபாருங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நெகட்டிவ் யார் கையில் இருந்தாலும் பதிப்புரிமை அதனோடு போய்விடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் உரியவர் எழுத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நான் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. பின்னால் சேர்த்த ஒரு வரி என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்? 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. இதை அறியாத பலர் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் அடுத்த ஆண்டும் போட்டி அறிவிக்கிறார்கள்.

வழக்கறிஞர் மூலம் அமைப்பாளருக்கும் நாள்காட்டி வெளியிட்ட நிறுவனத்துக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. அக்காவையும் அழைத்துப்போய் வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வைத்தேன். நிறுவனம் படத்தை அமைப்பாளரிடம் விலைக்கு வாங்கியதாகப் பதில் எழுதியிருக்கிறது. அமைப்பாளர் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

விசாரித்ததில் இதே போட்டிக்கு வேறு சிலரும் நெகட்டிவ் அனுப்பியிருப்பது தெரிகிறது. நீங்களும் இப்படி எந்தப் போட்டிக்காவது நெகட்டிவ் அனுப்பி ஏமாந்திருந்தால், கூரியர் ரசீது, தேர்வுக் கடிதம், பணம் செலுத்திய விவரம் எதையும் எறிந்துவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். தனித்தனியாக அலைவதைவிட, சேர்ந்தே புகார் கொடுக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.