வர்ட்டஸ் ஜிடி 1.5: செட்டிநாட்டுச் சாலைகளுக்கு எப்படி?

ஃபோக்ஸ்வேகனின் இந்த செடான் காருக்கு 150 பிஎஸ் குதிரைத்திறன், 250 என்எம் இழுவை (டார்க்). காகிதத்தில் பெரிய எண்களாகத் தெரியாது. ஆனால் அந்த இழுவை இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே முழுசாக வந்துவிடுவதால், திருமயம் பக்கம் லாரியை முந்த மிதியை லேசாக அழுத்தினாலே போதும். சுகம் அங்கேதான். ஆபத்தும் அங்கேதான்: சத்தமில்லாமல் மணிக்கு 120 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். அந்த வேகத்தில் வினாடிக்கு 33 மீட்டர் ஓடுகிறோம். 80-ல் பிரேக் அடித்தால் ஆகும் தூரத்தைப் போல இரண்டே கால் மடங்கு தேவைப்படும். மயிலும் ஆடும் அதற்குள் குறுக்கே வந்துவிடும்.

இன்னொன்று, ஓரத்துச் செம்மண். மழை விட்டதும் தார் மேல் வழுவழுவென்று படியும். இது முன்சக்கர இழுவை வண்டி. வளைவில் திடீரென ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மூக்கு வெளிப்பக்கம் ஓடும். அப்போது காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்காமல் பிடித்தால் பிடிமானம் திரும்பும். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான இஎஸ்சியை அணைத்து வீரம் காட்ட வேண்டாம்.

டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்: ஏழு கியர், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். பிள்ளையார்பட்டி சதுர்த்தி நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும். முன்வண்டி நகர்ந்து ஒரு கார் நீளம் இடம் விழுந்தபின் நகர்த்துங்கள்; நீண்ட நிறுத்தத்தில் நியூட்ரல்.

பின்பக்கம் டிஸ்க் இல்லை, டிரம் பிரேக்தான். இந்த விலைக்குக் கஞ்சத்தனம். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவுப்படி பாருங்கள். கானாடுகாத்தான் தெருக்களில் சும்மா உருட்டிப் போவதற்கென்றால் சின்ன 1.0 லிட்டர் இன்ஜின் வர்ட்டஸே போதும், பணம் மிச்சம்.