எஸ்.ஜே.413ஐக் காட்டுப் பயணத்துக்குத் தயார் செய்த அக்கரைப்பற்றுக் கராஜ்: ஏழு மாதம் ஓட்டிய பிறகு

என்னுடையது 1988ஆம் ஆண்டு சுசுகி எஸ்.ஜே.413 ஜீப். 1.3 லீற்றர் காபரேட்டர் எஞ்சின், ஐந்து கியர், முன்னும் பின்னும் பிளேட் அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய ஜீப்களின் விலை ஏறிய ஏற்றத்தில், இதை விற்றுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நான் விற்கவில்லை. மாதத்தில் ஒரு இரவாவது உன்னிச்சைப் பக்கமோ, வாகரைக் கடற்கரையிலோ, பாணமைக்கு அங்காலேயோ கூடாரம் அடித்துப் படுத்தால்தான் எனக்கு அடுத்த மாதம் ஓடும், அதற்கு இந்தச் சின்ன ஜீப்பைப் போல தோதான ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜீப்பை முதலில் வேறொரு ஊரில், வேறொரு இடத்தில்தான் கொடுத்தேன். உயர்த்த வேண்டும் என்றேன், உயர்த்தித் தந்தார்கள். நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங்கின் நுனியை வண்டியின் சட்டத்தோடு சேர்க்கிற இரும்புத் துண்டு) போட்டு, 235/75 ஆர் 15 டயர் மாட்டி, முன்னுக்குத் தடித்த இரும்புச் சனலில் ஒரு பம்பரும் ஒட்டி அனுப்பினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கல்முனை தாண்டி அறுபதில் வரும்போது ஸ்டியரிங் இடமும் வலமும் அலைந்தது, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியபோது, உயர்த்தினால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார்கள். நாலு மாதம் பழகிப் பார்த்தேன், பழகவில்லை.

அதன் பிறகுதான் ஒரு நண்பன் சொல்லி அக்கரைப்பற்றுக்குப் போனேன். பெயர்ப் பலகை இல்லாத கராஜ். மெக்கானிக்கும் (காக்கா, அதாவது அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்) ஒரு பொடியனும் மட்டும்தான். நான் போன அன்று உள்ளே இரண்டு உழவு மெசின் நின்றது, எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. காக்கா பொனட்டைத் திறக்கவே இல்லை. ஒரு சாக்கை விரித்து நேராக முன் அச்சுக்குக் கீழே போய்ப் படுத்தார், கால் மணித்தியாலம் வெளியே வரவில்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, எங்கெங்க போறீங்க?”

மணல், களி, குளத்துக் கட்டு, கிரவல் வீதி என்று சொன்னேன். “கல்லு மலை ஏறுறதில்லையே, பிறகு என்னத்துக்கு இவ்வளவு உயரம்?” என்றார்.

ஸ்டியரிங் ஏன் அலைகிறது என்று அவர் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதிவைக்கிறேன், இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும். இந்த ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷக்கிள் முன்பக்கத்தில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன் நுனி கீழே இறங்கும், அதோடு சேர்ந்து அச்சும் முன்னால் குனியும். சக்கரம் தானாக நேருக்குத் திரும்பி வருவதற்கு ஒரு சாய்வு வேண்டும், காஸ்டர் என்பார்கள், குனிந்த அச்சில் அந்தச் சாய்வு குறைந்துபோகும். சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் பின்னால் சாய்ந்திருப்பதும் கையை விட்டு ஓட உதவுகிறது, ஏறத்தாழ அதே கதைதான். அதாவது ஷக்கிளை நீட்டி உயர்த்தினால் ஸ்டியரிங்கை விலையாகக் கொடுக்க வேண்டும். பழைய அளவு ஷக்கிளையே திரும்பப் போட்டார். தொய்ந்துபோயிருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, உடைந்திருந்த இரண்டு பிளேட்டை மாற்றி, ஸ்பிரிங் நுனிகளின் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டதிலேயே ஜீப் தன் சொந்த உயரத்துக்கு எழும்பி நின்றது. இவ்வளவு காலம் தொய்ந்த ஸ்பிரிங்கைத்தான் ஷக்கிளால் தூக்கி வைத்திருந்திருக்கிறேன்.

டயரையும் மாற்றச் சொன்னார். 235/75 டயர், ஜீப்போடு வந்த 205/70ஐ விடக் குறுக்களவில் ஏறத்தாழ பத்து வீதம் பெரிது. 1.3 லீற்றர் எஞ்சின் அதைச் சுழற்றப் படுகிற பாட்டை அட்டாளைச்சேனைப் பக்கம் எதிர்க்காற்றில் ஐந்தாம் கியர் போட்டால் தெரியும், நாலாம் கியருக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். இப்போது ஓடுவது 215/75 ஆர் 15. அச்சுக்குக் கீழே ஜீப்போடு வந்த டயரை விடப் பதினெட்டு மில்லிமீற்றர் அளவில்தான் கூடுதல் இடைவெளி, அது எனக்குப் போதும். களிக்கென்றே செய்த கரடுமுரடான மட் டயர்தான் வேண்டும் என்று நான் நின்றேன். பாணமை மணலில் அது பள்ளம் தோண்டிக்கொண்டு இறங்கும், எல்லா நிலத்துக்கும் பொதுவான ஏடி டயர் போடுங்கள் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதுதான் சரி. களியில் ஏடி டயர் கொஞ்சம் பின்தங்கும், அதை மறைக்க மாட்டேன், மாரிக்குப் பிறகு வயல் நடுவே போகிற வட்டைப் பாதையில் பல்லுக்குள் களி அப்பிக்கொண்டு டயர் வழுவழு என்று ஆகிவிடுகிறது.

அடுத்தது டிரான்ஸ்பர் கேஸ், எஞ்சினின் வலுவை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி. இந்த மொடலில் அது கியர்பொக்ஸிலிருந்து தனியே பின்னால், ரப்பர் மவுண்டுகளில் தொங்குகிறது. லோ கியரில், அதாவது வலுவைக் கூட்டி மெல்லப் போகிற கியரில், போகும்போது அதன் லிவர் தானாக வெளியே துள்ளும், பல் தேய்ந்துவிட்டது என்று முந்திய இடத்தில் பெரிய செலவு ஒன்று சொல்லியிருந்தார்கள். காக்கா லிவரின் தலையில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, கிளச்சை மெல்ல விடச் சொன்னார். லிவர் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆடியது. கீழே பார்த்தால் மவுண்ட் ரப்பர் ஒன்று முழுதாகக் கிழிந்து, இரும்போடு இரும்பு முட்டிக்கொண்டிருந்தது. ரப்பர்களை மாற்றினார், துள்ளல் நின்றது. பெட்டியைத் திறக்கவே இல்லை. செய்யத் தேவையில்லாத வேலையைச் செய்யாமல் விட்ட இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரிடம் திரும்பிப் போவேன்.

பின் அச்சின் ஒயிலை வடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கறுப்பாக வர வேண்டியது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான அச்சு திடீரெனத் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும், சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். அச்சின் மேலே இருக்கிற சின்ன மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். மாரியில் தாழ்ந்த சப்பாத்துப் பாலங்களுக்கு மேலால் ஓடுகிற தண்ணீரில் நான் எத்தனை தடவை இறங்கியிருப்பேன்! இப்போது இரண்டு அச்சுக்கும் கியர்பொக்ஸுக்கும் பெற்றோல் ஹோஸ் பூட்டி, எஞ்சின் அறையின் மேல்வரைக்கும் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். முழு வேலையிலும் ஆகக் குறைந்த செலவு இதுதான், மாற்றம் செய்யப்போகிறவர்கள் வேறு எதைத் தொடுவதற்கு முன்னும் இதைச் செய்யுங்கள்.

தடித்த பம்பரைக் கழற்றி எறிந்தோம். அதற்குப் பதிலாக வண்டியின் சட்டமான சேசிஸில் நேராக பெரிய போல்ட் போட்டு முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று என்று இழுவைக் கொளுக்கிகள். புதைந்த வண்டியைக் கம்பி சுற்றி இழுத்தெடுக்கிற மின் வின்ச் வாங்கக் காசு வைத்திருந்தேன், அதையும் வேண்டாம் என்றார். ஜனவரியில் உன்னிச்சைக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் தாண்டுபோனபோது, வயலில் நின்ற உழவு மெசின் ஒன்று வந்து அந்தக் கொளுக்கியில் கயிறு போட்டு இழுத்தது. ஜீப் களியை விட்டு வரும்போது சப்பென்று ஒரு சத்தம், கொளுக்கி அசையவில்லை. நம்முடைய பக்கத்தில் வயல் இருக்கிற இடமெல்லாம் மெசின் இருக்கிறது, கயிறு நல்லதாக இருந்தால் போதும்.

பின் சீற்றை எடுத்துவிட்டுப் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தது என் வேலை. இருபது லீற்றர் தண்ணீர்க் கேன், அடுப்பு, சட்டி பானை, காற்றுப் பம்ப் எல்லாம் அதற்குள். கூரையில் கூடாரம் போடவில்லை. அது ஐம்பது கிலோவை ஒட்டி வரும், இந்த ஜீப் ஒடுக்கமானது, சரிவில் அந்தப் பாரம் மேலே இருந்தால் நெஞ்சு அடிக்கும். நிலத்துக் கூடாரம்தான். யானை நடமாடுகிற இடத்தில் அதில் படுக்கக் கூடாது, குளத்தோரத்தில் அடிக்கவே கூடாது. கல்லோயா, குமண பூங்காக்களுக்குள் தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது கிடைக்காத நாளில் நான் உகந்தைக் கோயில் பக்கத்தோடு நின்றுவிடுவேன்.

பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகிற கிரவல் வீதி தகரக் கூரையைப் போல நெளி நெளியாக இருக்கும். முன்பு அதில் ஒவ்வொரு நட்டும் கழன்று விழப்போகிற மாதிரிச் சத்தம் கேட்கும். இந்தத் தடவை டயரின் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐக்குக் குறைத்துப் போனேன், தேத்தண்ணிப் போத்தல் சீற்றில் வைத்த இடத்திலேயே இருந்தது. கடற்கரை மணலில் இறங்கும்போது பதினான்குக்குக் குறைத்தேன். லோவில் இரண்டாம் கியர் போட்டு, பெற்றோலை மிதிக்காமல், அதுபாட்டுக்கு நடந்தது. அவ்வளவு குறைத்த காற்றோடு ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டக் கூடாது, டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் றோட்டுக்கு ஏறுவதற்கு முன் மறக்காமல் திரும்பக் காற்று அடிக்க வேண்டும்.

கராஜின் குறைகளையும் சொல்ல வேண்டும். காக்கா கையில் வேலை இருந்தால் போன் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவோடு அன்றைய வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஆறு நாள் என்று சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் எடுத்தது, இடையில் வயல்காரருடைய மெசின் வந்தால் அதற்குத்தான் முதலிடம், அது எனக்கு நியாயமாகவே பட்டது. கூலி முதல் நாள் சொன்ன தொகைதான், கழற்றிய பார்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி என்னிடமே தந்தார். ஆனால் பெயின்ட் வேலை சரியில்லை. கொளுக்கி பூட்டிய இடத்தில் துளை போட்ட ஓரங்களுக்குச் சரியாகப் பூசவில்லை, கடல் காற்றில் ஒரு மாதத்திலேயே துரு பிடித்துவிட்டது, நானே சுரண்டி ரெட் ஒக்சைட் பூசினேன்.

லோ கியரில் மெல்ல ஊர்ந்தால் மத்தியான வெயிலில் சூட்டு முள் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. ரேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கிறது என்கிறார். அறுவடை முடிந்து மெசின்கள் வெளியேறியதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.