யோக்யகர்த்தாவில் ஒரு வேளைச் சாப்பாடு: குடெக்கா, பக்மியா, ஆட்டு சாத்தேயா?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் யோக்யகர்த்தாவுக்குப் போகிறவர்களில் பலர் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை. போரோபுதூர், பிரம்பானன் என்ற பழைய கோயில்கள் ஒரு நாளை விழுங்கிவிடும். மிச்ச நேரத்தில் சுல்தான் அரண்மனையும் மாலியோபோரோ கடைத்தெருவும். ஊர்ச் சாப்பாட்டை நிதானமாக உட்கார்ந்து சாப்பிட ஓரிரு வேளைதான் வாய்க்கும். குடெக் என்ற பலாச் சமையல், பக்மி ஜாவா என்ற நூடுல்ஸ், சாத்தே கிளாதாக் என்ற கம்பியில் சுட்ட ஆட்டுக்கறி மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்ததில், அந்த ஒரு வேளையை நான் குடெக்குக்குத்தான் கொடுப்பேன். ஆனால் எந்தக் குடெக் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குடெக் என்பது பலாமூசு. தேங்காய்ப்பால், தென்னை வெல்லம், மல்லி, பூண்டு சேர்த்து மணிக்கணக்காக, பல கடைகளில் இரவு முழுக்க, விறகடுப்பில் வேகவைப்பார்கள். கூடவே தேக்கு இலையும் போடுவார்கள். தேக்குக் கொழுந்தைக் கசக்கினால் உள்ளங்கை சிவக்குமே, அந்தச் சிவப்புதான் பலாவுக்கும் ஏறி, செம்பழுப்பாக நார் நாராகத் தட்டுக்கு வருகிறது. சோறு, பழுப்பேறிய முட்டை, கோழி, மேலே தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த அரே, ஓரத்தில் சிவப்பாக கிரெச்செக் என்ற காரமான தோல் குழம்பு. இதுதான் முழுத் தட்டு.

நம் ஊர்க்காரர்கள் முதல் வாயிலேயே சொல்வது, "என்ன இப்படி இனிக்குது?" என்றுதான். அது பொய்யில்லை. ஆனால் இனிப்பு எல்லாக் கடையிலும் ஒரே அளவில் இருக்காது. குடெக்கில் இரண்டு வகை. கெரிங் என்பது நீர் வற்றும் வரை காய்ச்சியது. வற்ற வற்ற வெல்லம் பலாவிலேயே ஏறி நிற்கும். பாசா என்பது தேங்காய்ப்பால் தளர்வாக நிற்கும் ஈரமான வகை. அதில் இனிப்பு மட்டாகவும் தேங்காய்ச்சுவை முன்னாலும் இருக்கும். அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் விஜிலான் தெருதான் குடெக்குக்குப் பேர்போனது. ஆனால் அங்கே பேர் வாங்கிய யூ ஜும் போன்ற கடைகளின் அடையாளமே கெரிங்தான். அரண்மனையைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போய், இருப்பதிலேயே இனிப்பான வகையைச் சாப்பிட்டுவிட்டு, குடெக் நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். முதல் தட்டு பாசாவாக இருக்கட்டும். காலையில் தெருவோரம் பெண்கள் பாத்திரங்களைப் பரப்பி உட்கார்ந்து விற்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். இரவில் பசித்தால் ஜந்துரான் தெருவில் இருக்கும் குடெக் பாவோன். அங்கே சமையலறைக்குள்ளேயே வரிசையில் நின்று, விறகடுப்புப் பக்கத்தில் தட்டை வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் கிரெச்செக். இனிப்பைச் சமன் செய்வது அதுதான். வெந்த தோல் பஞ்சு மாதிரி மிளகாய்க் குழம்பை உறிஞ்சி வைத்திருக்கும். கடித்தால் காரம் வாய்க்குள் பீய்ச்சும். முழுசாக வெந்த குட்டி மிளகாய்களும் அதில் கிடக்கும். ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கிப் பலாவோடு நசுக்கிச் சாப்பிட்டால் தட்டின் சுவையே மாறிவிடும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: கிரெச்செக் மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல். அது வேண்டாம் என்பவர்கள் பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள், மிளகாயை மட்டும் தனியாகக் கேட்டாலும் அந்தக் குழம்பிலிருந்துதான் எடுத்துத் தருவார்கள். சைவர்களுக்கு டோஃபுவும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும் கிடைக்கும். ஆனால் கோழியும் பலாவும் ஒரே பானையில் வேகும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.

கிரெச்செக் இல்லாத குடெக்கில் காரம் பாதி போய்விடுகிறது. ஆகவே மாட்டுத் தோல் தொடாதவர்களுக்கு என் சிபாரிசு பக்மி ஜாவா, அதிலும் குழம்பாக வரும் பக்மி கொடொக். மண் அடுப்பில் கரியை விசிறி விசிறி, ஒவ்வொரு தட்டாகச் சமைப்பார்கள். பூண்டும் கெமிரிக் கொட்டையும் அரைத்த விழுது, வாத்து முட்டை, நாட்டுக்கோழிச் சாறு, முட்டைக்கோஸ், நூடுல்ஸ். முட்டை சாற்றில் கரைந்து கொழகொழவென்று திரண்டிருக்கும். கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய் உண்டு. மழைக்கால ராத்திரியில் இதற்கு ஈடு கிடையாது. தொல்லை ஒன்றுதான்: ஒவ்வொரு தட்டாகச் செய்வதால் பேர்பெற்ற கடைகளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பசி முற்றிய பிறகு கிளம்பாதீர்கள்.

சாத்தே கிளாதாக் ஊருக்குத் தெற்கே, பந்துல் பகுதியில், இமோகிரி போகும் சாலையில். இளம் ஆட்டுக்கறி, உப்பு, கொஞ்சம் பூண்டு, அவ்வளவுதான். சைக்கிள் கம்பியில் குத்திச் சுடுகிறார்கள். கம்பி சூடேறி உள்ளேயும் வேகவைத்துவிடுவதால், வெளியே கருகாமல் நடுக்கறி வரைக்கும் வெந்திருக்கும். தொட்டுக்கொள்ள மஞ்சளாக நீர்த்த குலாய்க் குழம்பு. இனிப்பே பிடிக்காதவர்களுக்கு மூன்றிலும் இதுதான் பத்திரமான தேர்வு. ஆனால் நான் அதிகக் கடைகள் ஏறி இறங்கவில்லை, எந்தக் கடை உசத்தி என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. மத்தாராம் அரசர்களின் கல்லறைகளைப் பார்க்க இமோகிரி மலைக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே நகரத்திலிருந்து போய் வருவது என்றால் மாலைப் பொழுது போய்விடும்.

கெரிங் குடெக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீர் வற்றியது என்பதால் சீக்கிரம் கெடாது. மூங்கில் பெட்டியிலோ மண் சட்டியிலோ கட்டித் தருவார்கள். சோலோவுக்கோ சுரபாயாவுக்கோ ரயில் ஏறுகிறீர்கள் என்றால் அன்றைக்கு விஜிலானில் வாங்கிக்கொள்ளுங்கள். பாசாவை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது, தேங்காய்ப்பால் சீக்கிரம் புளித்துவிடும்.