சுகர் இருக்கா என்று கேட்டார்கள், ‘இல்லை’ என்றேன்

எஃப்.டி. புதுப்பிக்க வங்கிக்குப் போகிற வயதானவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு 68 வயது. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் 31 வருடம் பில் போட்டவன். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,160 ரூபாய். மகள் அனுப்புவதையும் சேர்த்துத்தான் குடித்தனம் ஓடுகிறது. பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறவனை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது.

2024 ஜூலையில் ஒன்றரை லட்ச ரூபாய் எஃப்.டி. முதிர்ந்தது. வங்கியில் கவுன்டருக்குப் பக்கத்தில் தனி மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க” என்று தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீருக்கு நான் கொடுத்த விலை 41,300 ரூபாய். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு, ஒரு வருடத்துக்கு.

உடனே தலையாட்டிவிடவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, அதற்கு மனுப் போடலாம் என்றிருக்கிறேன் என்றேன். “அது ஜி.எச்.சுக்கு மட்டும்தாம்பா செல்லும். அங்க போய் வரிசையில நிப்பீங்களா?” என்றாள். பச்சைப் பொய். திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அது செல்லும். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அடுத்ததுதான் முக்கியம். விண்ணப்பத்தை அவளே டேப்லெட்டில் நிரப்பினாள். மனைவிக்கு 12 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு என்று சொன்னேன். “அதெல்லாம் போட்டா பிரீமியம் ஏறிடும்பா, நான் பார்த்துக்கறேன்” என்றாள். போனுக்கு ஓ.டி.பி. வந்தது, வாசித்துக் காட்டினேன். அதுதான் என் கையெழுத்தாம். கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு. “வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருக்கிறதா?” எதிரில் உட்கார்ந்திருந்தவள் இல்லை என்று சொல்லச் சொல்லி விரலை ஆட்டினாள். நானும் ‘இல்லை’ என்றேன். அந்த ஒரு சொல் என் குரலிலேயே அவர்களிடம் பதிவாகி இருக்கிறது. ஏமாந்தவன் மட்டும் இல்லை, பொய் சொன்னவனும் நான்தான். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாலிசி ஒரு லிங்க்காக எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. ஆங்கிலத்தில் 46 பக்கம். திறக்கவே இல்லை.

2025 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை மனைவிக்கு நெஞ்சுவலி. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதய ரத்தக் குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட், அதாவது குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழல், வைக்க வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் கவுன்டரில் பாலிசி நம்பரைக் கொடுத்தேன். மதியம் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது: சர்க்கரை எப்போதிலிருந்து, பழைய சீட்டுகள் எங்கே? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கு ஒரு நோட்டு உண்டு. உதவுமே என்று நானே அதை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் கேஷ்லெஸ் இல்லை, அதாவது ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி நேரடியாகப் பணம் கட்டாது என்று சொல்லிவிட்டார்கள். பில் 2,18,000. மிச்சமிருந்த எஃப்.டி.யை உடைத்தேன், மகளின் வளையல்கள் அடகுக்குப் போயின. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பியபோது, நோயை மறைத்ததாகச் சொல்லிப் பாலிசியையே ரத்து செய்துவிட்டார்கள்.

அப்புறம்தான் மகளை உட்கார வைத்து 46 பக்கத்தையும் படிக்கச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். எந்தச் செலவானாலும் 30 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். அதாவது உண்மையையே சொல்லியிருந்தாலும், சர்க்கரையால் வந்த எதற்கும் முதல் மூன்று வருடம் ஒன்றும் கிடைத்திருக்காது. கடைசிப் பக்கங்களில் விண்ணப்பத்தின் நகல். சர்க்கரை: இல்லை. ரத்த அழுத்தம்: இல்லை. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சின்னச் சின்னப் பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும் என்பதும் அதிலேயே இருந்தது. அந்த நகலை மட்டும் முதல் வாரத்தில் பார்த்திருந்தால் போதும்.

இதைவிட வயிறெரிந்தது இன்னொன்று. அந்த ஆஸ்பத்திரியே முதலமைச்சர் திட்டத்தில் இருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் ஸ்டென்ட்தான், அட்டையைக் காட்டி ஒரு பைசா இல்லாமல் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதைச் சொன்னது வார்டு ஆயா, மூன்றாம் நாள். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கினால்தான் உண்டு, முடிந்த பிறகு போய்க் கேட்க முடியாது.

வங்கி மேனேஜர் “நாங்க ஏஜென்ட் மட்டும்தான் சார்” என்றார். அந்தப் பெண் வேறு கிளைக்கு மாறிவிட்டாளாம். சரி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன், நிராகரித்தார்கள். இப்போது சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகாரை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரிக்கு, மனு அனுப்பியிருக்கிறேன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் முதலில் கம்பெனியிடம் புகார் செய்திருக்க வேண்டும், அவர்கள் கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். என் ‘இல்லை’ பதிவாகி இருப்பதால் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் போடாமல் இருக்க மனசு வரவில்லை.

தனியார் பாலிசியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வசதி இருப்பவர்கள், நோயை ஒளிக்காமல் எழுதி, இளவயதிலேயே எடுத்தவர்கள் தாராளமாகத் தொடரட்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலில் முதலமைச்சர் திட்ட அட்டையை வாங்கி வையுங்கள். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை, பிரீமியம் கிடையாது. எல்லா வைத்தியத்துக்கும் செல்லாது, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான். உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் இப்போதே கேட்டு, அட்டை இருக்கிற இடத்திலேயே எழுதி வையுங்கள். நெஞ்சுவலி வந்த பிறகு போன் போட நேரம் இருக்காது.

நாங்கள் போன மாதம்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கொடுத்த வருமானச் சான்று. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். என் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே, “தம்பி, எனக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல சுகர் இருக்கு. பிரஷரும் இருக்கு. இப்ப ஸ்டென்ட்டும் வெச்சிருக்கு” என்று ஒப்பித்தாள். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே அந்தப் பையன், “அதெல்லாம் வேணாம்மா, கண்ணாடியக் கழட்டிட்டு நேரா பாருங்க” என்றான்.