காணிக்காக ஒரு கலியாணம்: லவ் இன்ஸ்பயர்ட் ஹிஸ்டோரிக்கல் நாவல் வரிசை

ஹார்லெக்வின் பதிப்பகம் 2008 தொடங்கி 2018 வரை வெளியிட்ட கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல்கள் இவை. ஒவ்வொன்றும் 280 பக்கமளவு. சாதாரண தரத்து ஆங்கிலம் போதும், இரண்டு மூன்று பின்னேரத்தில் முடித்துவிடலாம். தூஷணம் இல்லை, படுக்கையறை இல்லை, முத்தத்தோடு சரி. பதிப்பகமே எழுத்தாளருக்குப் போட்ட எல்லை அது. பேத்தியும் அம்மம்மாவும் ஒரே புத்தகத்தைக் கூச்சமில்லாமல் மாறி மாறி வாசிக்கலாம்.

முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே சுவையெல்லாம் இருவரையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவரும் காரணத்தில்தான். அமெரிக்க மேற்குக் கதைகளில் அந்தக் காரணம் அடிக்கடி காணியாக இருக்கும். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவர் அரச காணியில் 160 ஏக்கர் வரை கேட்கலாம். எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் 2,560 பரப்பு! வீடு கட்டி, பயிர் செய்து, 5 வருடம் அங்கேயே குடியிருந்தால் உறுதி கைக்கு வரும். கலியாணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரில் கேட்கலாம். கணவனோடு இருப்பவள் பொதுவாகக் கேட்க முடியாது. ஒரு விதவை, பக்கத்துக் காணிக்காரன், தவணை முடிய ஆறு மாதம். இனிக் கதை தானாக ஓடும். சீதனக் காணியின் உறுதியைப் பார்த்துச் சம்பந்தம் பேசும் யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவா வேண்டும்? இங்கிலாந்துப் பிரபு வீட்டுக் கதைகளும் வரிசையில் உண்டு. அவற்றில் இந்தப் பிடி இல்லை.

சறுக்கும் நாவல்களில் தொப்பியும் குதிரை வண்டியும் மட்டுமே பழசு, பேச்சு இன்றையது. விசுவாசமும் அப்படித்தான் ஒட்டவைத்ததாகத் தெரியும். நாயகன் கடவுளோடு கோபமாக இருப்பான், 250ஆம் பக்கம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு தீவிபத்து, ஒரு செபம், எல்லாம் சரி. நல்ல நாவலில் அந்தக் கோபம் முதல் மூன்று அத்தியாயத்துக்குள்ளேயே அவனைப் பிழையான முடிவெடுக்க வைக்கும். மின்னூலின் இலவச மாதிரிப் பக்கங்களிலேயே இதைப் பிடித்துவிடலாம்.

(1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய அமெரிக்க மிஷன் காலம் இந்த வகைக்கு எத்தனை பொருத்தமான களம்! எழுதத்தான் ஆள் வேண்டும்.)

வரிசை நின்றுவிட்டது. அச்சுப் பிரதி வேண்டுமென்றால் பழைய புத்தகம்தான். மலிவுத் தாள், தையல் இல்லாத பசைக்கட்டு. விரித்து அழுத்தினால் நடுத்தாள்கள் கழன்றுவிடும். மாரியில் இராமபாணப் பூச்சி வேறு. முடிவு தெரிந்த கதைதான், என்றாலும் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.